மேசை துடைக்க எடுத்தேன்

இரவு பதினொன்றே முக்காலுக்குப் போன் அதிர்ந்தது. தோசைமாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். தமிழ் பேசும் ஆண், முப்பது வயதுக்கு மேல், அறிவுசார் குறைபாடு, இன்ன போலீஸ் பிரிவு, இப்போதே வர முடியுமா. அவ்வளவுதான் செய்தி. வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டுக் கைக்கு அகப்பட்ட சுடிதாரை மாட்டிக்கொண்டு ஒரு ஸ்வெட்டரையும் பையில் திணித்தேன். விசாரணை அறையின் குளிர் போய் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை நான் "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றபோது எழுந்து உட்கார்ந்து பதறிய வீட்டுக்காரர், இப்போது "சாவி எடுத்துக்கிட்டியா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

சிங்கப்பூரில் போலீஸ் விசாரணையின்போது பக்கத்தில் உட்காருகிற இந்தத் தொண்டூழியத்தைப் பற்றி எழுதுங்களேன் என்று இரண்டு மூன்று பேர் கேட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்த அறைக்குள் கேட்டது எதுவும் வெளியே வரக்கூடாது, அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வருகிறவரின் வயது, வேலை, இடம், பொருள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், இரண்டு மூன்று பேரை ஒருவராகக் கலந்திருக்கிறேன். அப்படி ஓர் ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் 'அப்ரோப்ரியேட் அடல்ட்' என்று பெயர். தமிழில் 'பொருத்தமான பெரியவர்' என்று சொல்லிப் பார்த்தேன், சம்பந்தம் பேச வந்த தாய்மாமன் மாதிரி இருக்கிறது. நான் அப்படியொன்றும் பெரியவள் இல்லை. பகலில் ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை, இரவிலும் சனி ஞாயிறிலும் இந்தத் தொண்டூழியம். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் இவற்றில் ஏதாவது உள்ள ஒருவரைப் போலீஸ் விசாரிக்கும்போது அவருக்கும் போலீசுக்கும் சம்பந்தமே இல்லாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். விசாரிக்கப்படுகிறவர் கேள்வியைப் புரிந்துகொள்கிறாரா, அவர் சொல்வது போலீசுக்குப் புரிகிறதா, பயந்துபோயிருக்கிறாரா, பசியா, ஒன்றுக்குப் போகவேண்டுமா, இதையெல்லாம் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வக்கீல் வேலை பார்க்கக்கூடாது, சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது, அவருக்குப் பதிலாக வாயைத் திறக்கக்கூடாது, விசாரணைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கண்ணையும் காதையும் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அதுவும் என்னைப் போல வாயாடி ஒருத்தி.

அன்றைக்குப் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறை நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியிருக்கும். நைட்டி மேல் துப்பட்டா, மடியில் சிவப்பு பிளாஸ்டிக் பை, பைக்குள் மாத்திரை அட்டைகள். நான் அடையாள அட்டையை நீட்டித் தமிழில் பெயர் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

"மேடம், நீங்க வக்கீலா?"

இல்லம்மா.

"அப்ப போலீஸா?"

இல்லம்மா.

"அப்ப யாரு நீங்க?"

இந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாக ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. "உங்க பையன் பக்கத்துல உட்காருவேன், அவ்வளவுதான்" என்றேன். "நான் உட்காரக்கூடாதா? நான் பெத்தவ, அவன் பேசுறது எனக்குத்தானே புரியும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவன் பேசுவது அவருக்குத்தான் புரியும். அவர் உள்ளே வரமுடியாததற்கும் அதுதான் காரணம் என்பதை அந்த நேரத்தில் எப்படி விளக்குவது?

விளக்கவேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். இந்த ஏற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. 1972 ஏப்ரலில் லண்டனின் கேட்ஃபோர்ட் வட்டாரத்தில் தீப்பிடித்த ஒரு வீட்டுக்குள் மேக்ஸ்வெல் கான்ஃபெயிட் என்பவர் கொலையுண்டு கிடந்தார். போலீஸ் மூன்று பையன்களைப் பிடித்தது. வயது 18, 15, 14. அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு அறிவுசார் குறைபாடு, மனவயது எட்டு என்று மதிப்பிட்டிருந்தார்கள். பக்கத்தில் வெளியார் எவரும் இல்லாமல் விசாரித்ததில் மூன்று பேரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அந்த வாக்குமூலத்தை வைத்துத் தண்டனையும் கிடைத்தது. கொலை நடந்த நேரத்துக்கும் வாக்குமூலத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்று பின்னால் தெரிய வந்து 1975ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 1977ல் ஃபிஷர் என்பவர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை வந்தது, அதன் பின்னால் ஒரு பெரிய ஆணையம் உட்கார்ந்து 1984ல் போலீஸ் விசாரணைக்கென்றே ஒரு சட்டம் வந்தது. 'அப்ரோப்ரியேட் அடல்ட்' அதோடு பிறந்ததுதான்.

இங்கே சிங்கப்பூரில் அது 2013ல் பிடோக் போலீஸ் பிரிவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2015லிருந்து படிப்படியாக மற்ற இடங்களுக்கும் போனது. தொண்டூழியர்களைச் சேர்த்து நடத்துவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மைண்ட்ஸ் அமைப்பு. 2016 ஜனவரியில் ஒரு பதினாலு வயது மாணவன் போலீஸ் விசாரணை முடிந்து வீட்டுக்குப் போன அன்றே இறந்துபோனது இந்த ஊரில் இருந்தவர்கள் யாருக்கும் மறந்திருக்காது. என் பையனுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான் அப்போது. ஒரு வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அதற்குப் பிறகு நடைமுறைகளை ஆராய்ந்து, 2017லிருந்து பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட சந்தேக நபர்களுக்கும் இப்படிப் பக்கத்தில் உட்கார ஆள் அனுப்பத் தொடங்கினார்கள்.

சரி, பெற்றவளை ஏன் உள்ளே விடுவதில்லை? இங்கிலாந்தில் விடுகிறார்கள், அப்பா அம்மாவே அந்தப் 'பெரியவராக' உட்காரலாம். இங்கே வேண்டாம், சம்பந்தப்படாத ஆளாக இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். முதலில் எனக்கு இது கல்நெஞ்சு வேலையாகத்தான் பட்டது. பயிற்சியின்போது கேள்வி கேட்டு வம்பும் பண்ணினேன். அப்புறம் நம் வீடுகளை நினைத்துப் பார்த்தேன். தமிழ் அம்மா ஒருத்தியைப் போலீஸ் முன்னால் மகனோடு உட்கார வைத்தால் என்ன நடக்கும்? "சார் கேக்குறார்ல, சொல்லுடா! நிமிந்து உக்காரு! எடுத்தியா இல்லியா?" முதுகில் ஒரு தட்டு. இல்லையென்றால் "என் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்று அழுகை. இரண்டில் எது நடந்தாலும் அதற்கப்புறம் அவன் சொல்வது அவன் பதில் இல்லை, அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்கிற பதில். இருந்தாலும் அந்த நாற்காலியில் விட்டுவிட்டு உள்ளே போகும்போது ஒவ்வொரு தடவையும் மனசு என்னவோபோல்தான் இருக்கிறது.

அந்த அம்மா பையை என் கையில் திணிக்கப் பார்த்தார். "ராத்திரி மாத்திரை போடல, பிட்சு வந்துரும்." நான் வாங்கிக் கொடுக்க முடியாது, கவுண்டரில் சொல்லச் சொன்னேன், நானும் கூடப் போய்ச் சொன்னேன். மாத்திரை விஷயம் எளிதில் முடிவதில்லை. வீட்டிலிருந்து வந்ததை அப்படியே கையில் கொடுத்துவிட முடியாது, எது என்ன மாத்திரை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லவேண்டும் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது, கிளினிக்கில் வேலை பார்க்கிற எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் வலிப்புக்கான மாத்திரை நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். உள்ளே போன உடனே விசாரணை அதிகாரியிடம் நான் சொன்ன முதல் விஷயம் இதுதான். அதிகாரி "மருந்து சாப்பிட்டாயா" என்று அந்த அம்மாவின் மகனைக் கேட்டாராம், "யெஸ் சார்" என்றாராம் மகன். காலையில் போட்டது. அவரைப் பொறுத்தவரை உண்மையைத்தான் சொன்னார். இன்றைக்கு மருந்து சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டார்தானே. அதிகாரி எழுந்து போய் யாருக்கோ போன் செய்தார், கொஞ்ச நேரத்தில் மாத்திரைக்கு வழி பிறந்தது. நல்ல மனிதர், என் பையனைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

அறைக்குள் ஆள் எப்படி இருந்தார் என்று சொல்கிறேன். முப்பத்தொன்று வயது, பார்த்தால் நாற்பது. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் இறுக்கி வைத்துக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்க என்று அதிகாரி சொன்னதும் உட்கார்ந்தார், மொழிபெயர்ப்பாளர் வந்தபோது மறுபடி எழுந்தார். யார் வந்தாலும் எழுந்து நிற்கவேண்டும் என்று சின்ன வயதில் எந்தப் பள்ளிக்கூடத்திலோ சொல்லிக் கொடுத்ததை இன்னும் விடவில்லை. ஸ்வெட்டரை அதிகாரியிடம் கேட்டுவிட்டு அவரிடம் கொடுத்தேன். "தேங்க்யூ ஆன்ட்டி." அது லேடீஸ் ஸ்வெட்டர், மார்பில் ரோஜாப்பூ. கடைசிவரை அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

உணவங்காடி நிலையத்தில் மேசை துடைக்கிற வேலை. ஒரு வாடிக்கையாளர் மேசையில் வைத்துவிட்டுப் போன போன் காணாமல்போய், பிறகு இவரிடம் இருந்து கிடைத்திருக்கிறது. அதுதான் புகார்.

இந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். மொழிபெயர்க்க ஆள் தனி. வாக்குமூலத்தை எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, ஆங்கிலம் புரியாதென்றால் புரிகிற மொழியில் பெயர்த்துச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. எனக்குத் தமிழ் தெரிகிறது என்பதற்காக நடுவில் புகுந்து 'அவர் சொல்றது அப்படி இல்ல' என்று நானே ஆரம்பித்தால் அது வேறு ஆட்டமாகிவிடும். ஆனால் புரியவில்லை என்று எனக்குப் பட்டால் கையைத் தூக்கிச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

"போன எடுத்தியா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். எந்த ஆட்டல் என்று கேளுங்கள். மேலும் கீழுமாக இல்லை, இடவலமாகவும் இல்லை, நமக்கே உரிய அந்தச் சாய்ந்த ஆட்டல். காய்கறிக்காரரிடம் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டால் ஆட்டுவாரே அது. அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம், கேட்டேன் என்றும் அர்த்தம், நீங்கள் சொன்னால் சரி என்றும் அர்த்தம், தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள் என்றும் அர்த்தம். தேக்கா சந்தையில் நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை ஆட்டுகிறோம், யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் வெண்டைக்காய் பைக்குள் விழுந்துவிடுகிறது. இங்கே விழுவது வேறு. அதிகாரியின் விரல் கீபோர்டுக்குப் போனது.

கையைத் தூக்கினேன். "அவர் தலையாட்டியது பதிலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வாயால் சொல்லச் சொல்லிக் கேட்கலாமா?"

அதிகாரி முகத்தில் ஒரு சலிப்பு வந்து போனது. குறை சொல்லவில்லை, மணி ஒன்றரை. மறுபடி கேட்டார்கள்.

"எடுத்தேன்" என்றார்.

தட் தட் தட் என்று தட்டச்சு ஓடியது. நான் என்ன செய்ய முடியும்? கேட்டார்கள், வாயால் சொல்லிவிட்டார். அடுத்த கேள்வி, ஏன் எடுத்தாய்?

"மேச தொடைக்கணும்ல."

தட்டச்சு நின்றது.

தமிழில் 'எடுப்பது' என்றால் என்னென்னவோ. மேசை மேல் இருக்கிற பொருளைத் தூக்குவதும் எடுப்பதுதான், சொல்லாமல் கொள்ளாமல் சொந்தமாக்கிக்கொள்வதும் எடுப்பதுதான், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி காணாமல்போனால் "யாரோ எடுத்துட்டாங்க" என்போம், திருடிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வராமல். மேசையைத் துடைக்கவேண்டுமானால் அதன்மேல் இருக்கிறதை எடுக்கத்தானே வேண்டும்? ஆங்கிலத்திலும் அந்த வார்த்தைக்கு இரண்டு பக்கம் உண்டு, ஆனால் வாக்குமூலத்தில் 'நான் போனை எடுத்தேன்' என்று ஒற்றை வரியாக உட்கார்ந்துவிட்டால் படிக்கிறவர் கண்ணுக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

அப்புறம் என்ன செய்தாய்?

"பையில வச்சேன்."

எந்தப் பை? சட்டைப்பையா, கால்சட்டைப் பையா, தோளில் மாட்டுகிற பையா, குப்பைப் பையா, கண்டெடுத்த பொருளைப் போட்டுவைக்கிற பை ஏதாவது கடையில் இருக்கிறதா? இப்போது அதிகாரியே உஷாராகிவிட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையை வரைந்து, "எங்கே வைத்தாய், காட்டு" என்று பேனாவைக் கொடுத்தார். அவர் ரொம்ப நேரம் யோசித்து, மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகளை வரைந்தார். நாற்காலி இல்லாத மேசை அவருக்குப் பொறுக்கவில்லை.

இதற்குமேல் அந்த போன் கதையைச் சொல்லமாட்டேன். அவர் திருடவில்லை என்று நான் சொல்லவரவில்லை, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. குறைபாடு உள்ளவர்கள் எல்லாரும் பால்மணம் மாறாத குழந்தைகள் என்று நினைப்பதும் ஒருவகை அவமதிப்புதான், அவர்களிலும் திருடுகிறவர்கள் உண்டு, அடிக்கிறவர்கள் உண்டு. செய்திருந்தால் செய்ததை அவர் வாயால் சொல்லட்டும். செய்யாததைப் பயத்தில் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

சொல்லிவிடுவார்களா என்று கேட்கிறவர்களுக்கு: சொல்லிவிடுவார்கள். ஐஸ்லாந்தில் போலீஸ் துப்பறிவாளராக இருந்து பிறகு உளவியலாளராக மாறிய கிஸ்லி குட்யோன்சன் என்பவர் இதற்காகவே 1984ல் ஓர் அளவுகோலை உண்டாக்கினார். ஒரு கதையைச் சொல்லிவிட்டு, அதில் இல்லாத விஷயங்களை இருப்பதுபோல் கேள்வி கேட்டு, 'நிறையத் தப்பு விட்டிருக்கிறீர்கள், மறுபடி சொல்லுங்கள்' என்று அழுத்தினால் ஒருவர் எவ்வளவு தூரம் பதிலை மாற்றுவார் என்று அளப்பது. எங்கள் பயிற்சியில் இதைச் சொன்னபோது நான் நினைத்துக்கொண்டது என் தங்கச்சியை. எங்கள் அப்பா இரண்டாம் தடவை குரலை உயர்த்திக் கேட்டால் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வாள், அவளுக்கு எந்தக் குறைபாடும் கிடையாது. பெரியவங்க சொன்னா எதிர்த்துப் பேசாதே, சரின்னு சொல்லு என்று வளர்க்கிற வீடுகள் நம்முடையவை. அதோடு அறிவுசார் குறைபாடும் சேர்ந்தால்? முப்பது வருஷமாக 'சரி' சொன்னபோதெல்லாம் அவருக்குத் திட்டு நின்றிருக்கிறது, சிரிப்பு கிடைத்திருக்கிறது, வீட்டுக்குப் போக விட்டிருக்கிறார்கள். இங்கே மட்டும் 'சரி' சொன்னால் வீட்டுக்குப் போகமுடியாது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு மணிக்கு அவர் கால்களைப் பின்னிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினார். பதற்றம் என்று நினைத்து மூச்சை மெதுவாக இழுத்துவிடச் சொன்னேன், சமர்த்தாகச் செய்தார். பதற்றமெல்லாம் ஒன்றுமில்லை, அவருக்கு ஒன்றுக்குப் போகவேண்டும். பிடித்துக்கொண்டு வந்ததிலிருந்து போகவில்லையாம். கேட்டால் விடுவார்கள் என்று தெரியவில்லை, யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை, கேட்காததால் சொல்லவில்லை. ஆறு வருஷ அனுபவம், மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதெல்லாம் அறைக்குள் போனதும் முதலில் கழிப்பறை, அப்புறம் தண்ணீர், அப்புறம் மாத்திரை, அப்புறம்தான் பெயர்.

மைலோ பாக்கெட் ஒன்று கொடுத்தார்கள். ஸ்ட்ராவைப் பிரித்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார்.

கடைசியில் வாக்குமூலத்தை அச்செடுத்து வாசித்துக் காட்டினார்கள். எல்லாம் புரிந்ததா என்று கேட்டால் "புரிஞ்சிது சார்" என்பார், சந்தேகமே வேண்டாம். அதனால் மறுபடி கையைத் தூக்கினேன், புரிந்ததை அவர் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லச் சொல்லலாமா என்று. முதல் பத்தியைக் கேட்டுவிட்டு அதன் கடைசி இரண்டு சொற்களை மட்டும் அப்படியே திரும்பச் சொன்னார். இரண்டாவதுக்கும் அப்படியே. மலைமுகட்டில் கத்தினால் கேட்குமே, அதுபோல. அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு வரியாக உடைத்து, படம் போட்டு, கை காட்டி, நாற்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முழுப்பெயரையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளில், கோட்டுக்கு மேலே கீழே போகாமல் எழுதினார். எழுதி முடித்து ஒவ்வொரு தடவையும் அழகாக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார்.

இவருக்காவது நான் வந்தேன். வராமல் போகிறவர்களை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. சக்கர நாற்காலி மாதிரி கண்ணுக்குத் தெரிகிற விஷயமில்லை இது. பேசினால் பேசுகிறார், பஸ் ஏறி வேலைக்குப் போகிறார், அப்புறம் எப்படி ஒரு போலீஸ்காரருக்குத் தெரியும்? யாராவது சொல்லவேண்டும். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று ஒரு பதிவேடும் அடையாள அட்டையும் இருக்கிறது, சட்டைப்பையில் இருந்தால் எடுத்துக் காட்டலாம். நான் பார்த்த சில குடும்பங்கள் அதை எடுக்கவேயில்லை. அட்டை எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கணும். "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்" என்பார்கள். மனநோய் என்றால் இன்னும் மோசம். புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்தை எங்கள் அத்தை இன்றைக்கும் பழைய பெயரில் 'உட்பிரிட்ஜ்' என்றுதான் சொல்வார், அதுவும் குரலைத் தணித்து, சுடுகாட்டைச் சொல்வதுபோல. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை எடுத்து 2020 ஜனவரி 1லிருந்து அது குற்றமே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் வீட்டில் ஒருவர் அப்படி விளிம்பில் நிற்கும்போது போலீசைக் கூப்பிட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்களோ என்று இன்னும் பயப்படுகிற குடும்பங்களைக் கிளினிக்கிலேயே பார்க்கிறேன். இதைப் படிக்கிற யாருக்காவது பயன்பட்டால் சரி: மனநலக் கழகத்தின் 24 மணிநேர எண் 63892222, தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் எண் 1767.

மூன்றேகாலுக்கு என் வேலை முடிந்தது. எனக்குப் பிடிக்காத பகுதி இதுதான். விசாரணை முடிந்தால் எழுந்து போய்விடவேண்டும். அதற்கப்புறம் அவரை ஜாமீனில் விட்டார்களா, உள்ளேயே வைத்தார்களா, கைது செய்தவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்தவேண்டும் என்கிறார்களே அப்படி நிறுத்தினார்களா, அந்த அம்மாவுக்கு வீட்டுக்குப் போக டாக்சிக் காசு இருந்ததா, எதுவும் எனக்குச் சொல்லமாட்டார்கள், நானும் கேட்கக்கூடாது. போன் நம்பர் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. காரணம் புரிகிறது, நான் சம்பந்தப்படாத ஆளாகத்தான் இருக்கவேண்டும். இருந்தாலும் மூன்று மணி நேரம் ஒரு மனிதனின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிட்டுச் 'சரி, வரேன்' என்று எழுந்து போவது என்ன பழக்கமோ.

நான் எழுந்ததும் அவரும் எழுந்து நின்றார். "ஆன்ட்டி, நாளைக்கு ஏழு மணிக்கு வேல. லேட்டா போனா சூப்பர்வைசர் ஏசுவாரு." அதிகாரி கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொல்வது? தலையை ஆட்டினேன். என்னுடைய ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கையைத் தூக்கிக் கேட்க அங்கே யாரும் இல்லை.

வெளியே நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார், சிவப்புப் பை தரையில் கிடந்தது. எழுப்பவில்லை. பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வட்டாரத்தில் வேலையாகப் போனவள் பசிக்கு ஓர் உணவங்காடி நிலையத்தில் ரொட்டி பிராட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊர் எவ்வளவு சின்னது என்று இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரிகிறது. இரண்டு மேசை தள்ளி ஈரத்துணியோடு அவர். மேசையில் இருந்த குடை ஒன்றை இரண்டு விரலால் தூக்கி நாற்காலியில் வைத்தார், துடைத்தார், குடையை மறுபடி இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். எனக்குத் தொண்டை அடைத்தது. நானாகப் போய்ப் பேசக்கூடாது, தலையைக் குனிந்துகொண்டு பிராட்டாவைப் பிய்த்தேன். 2021 செப்டம்பரிலிருந்து நம் தட்டை நாமே திருப்பி வைக்கவேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கை, அதன்பின் அபராதம். சாப்பிட்டு முடித்து யோசனையில் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று பின்னால் குரல். திரும்பினேன்.

"தட்டு அங்க வைக்கணும்" என்று கையைக் காட்டினார். என்னைத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. கொண்டுபோய் வைத்தேன்.